தங்கச்சி படம் போட்ட டப்பா

கிள்ளானில் என் காப்பிக் கடை வாசலில் ஆளுயரப் பதாகை ஒன்று தொங்குகிறது. அதில் நான் மீசையை முறுக்கிக்கொண்டு, கையில் கோப்பையோடு நிற்கிறேன். பக்கத்தில் தொங்காட் அலி வேரின் படம். ஆண்களுக்குத் தெம்பு தருவதாக மலேசியா முழுக்கப் பேர் வாங்கிய வேர் அது. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோரும் வேலைக்குப் போகிற வழியில் நின்று, "ஒரு தொங்காட் அலி, கட்டியா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி வாங்கிக் குடிக்கிறார்கள். யாருக்கும் கூச்சம் கிடையாது. பக்கத்து மேசையில் மாமியார் உட்கார்ந்திருந்தாலும் கிடையாது.

இப்படிப்பட்ட ஊர்க்காரன் சிதம்பரத்தில் போய் இறங்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

போனது கல்யாணக் காரியமாக. என் சித்தப்பா மகள் தமிழ்ச்செல்வி சிதம்பரத்தில் இருக்கிறாள். கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லாதவள். ஆகவே அவள் மகள் யாழினிக்குத் தாய்மாமன் நான்தான். பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் தாய்மாமன் வந்து நிற்க வேண்டும் என்று செல்வி போனில் சொன்னாள். காப்பிக் கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். அவள் என்னைவிட நன்றாகவே காப்பி கலக்குவாள்.

சென்னையில் ஏறிய பஸ் கடலூர் வரைக்கும் பறந்து வந்து, பஸ் ஸ்டாண்டில் படுத்துவிட்டது. கண்டக்டர் எங்களைக் கூட்டமாக இறக்கி வேறொரு பஸ்ஸில் திணித்தார். என் மடியில் முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் முருங்கைக்கீரைக் கட்டு உட்கார்ந்தது. கிள்ளானில் இப்படி நடந்தால் எல்லோரும் கைப்பேசியை எடுத்துப் புகார் எழுத ஆரம்பிப்பார்கள். இங்கே என்னவென்றால், ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அந்த அம்மா எனக்கு எத்தனை பிள்ளைகள், யார் யார் என்ன படிக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டார்.

சிதம்பரத்தில் செல்வியின் கணவர் ரவி பைக்கோடு காத்திருந்தார். "வாங்க மச்சான், இளைச்சுப் போயிட்டீங்களே" என்றார். என் எடை என்னவென்று எனக்குத் தெரியும். அவர் ஒரு நல்ல மனிதர். பெட்டியை முன்னால் வைத்து, என்னைப் பின்னால் வைத்து, நேரே இட்லிக் கடைக்கு ஓட்டினார். கத்தரிக்காயைச் சுட்டு மசித்துச் செய்கிற கொத்சு இட்லியோடு வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் கட்டுரை அங்கேயே முடிந்துவிடும். நான்கு இட்லி கேட்டவன் எட்டில் நிறுத்தினேன்.

செல்வியின் நாட்டு மருந்துக் கடை தெற்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. தாவரவியல் படித்தவள். முறையாக உரிமம் வாங்கி, சொந்தமாகச் சூரணம் செய்து, சுற்றுவட்டாரக் கடைகளுக்கும் போட்டு விற்கிறாள். கண்ணாடி ஜாடிகளில் அமுக்கராக் கிழங்கு, நிலப்பனைக் கிழங்கு, தண்ணீர்விட்டான் கிழங்கு, நீர்முள்ளி விதை, காய்ந்த ஓரிதழ்தாமரை. எங்கள் ஊரில் ஒரே ஒரு வேரை வைத்துக்கொண்டு இத்தனை ஆர்ப்பாட்டம் செய்கிறோம். இங்கே ஒரு அலமாரி முழுக்க இருந்தும் யாரும் மூச்சு விடுவதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, கொஞ்சம் பொறாமையும்தான்.

மூன்றாவது தட்டில் வரிசையாக வெள்ளை டப்பாக்கள், பச்சை மூடி. லேபிளில் 'செல்வி பூனைக்காலிச் சூரணம்' என்றும், அதன் கீழே சின்ன எழுத்தில் 'ஆண்களின் தாதுபலத்துக்கு' என்றும் இருந்தது. வலது பக்கம் ஒரு வட்டம். வட்டத்துக்குள் என் தங்கச்சி. தலையில் கனகாம்பரம், நெற்றியில் பெரிய பொட்டு, கேமராவை நேருக்கு நேர் பார்க்கிற பார்வை.

"நம்ம குடும்பத்துல பதாகை போடறவன் நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன்" என்றேன்.

"எம் மருந்துல கலப்படம் இல்லன்னு சொல்றதுக்கு எம் மூஞ்சிய வுட்டா வேற என்னண்ணே இருக்குது?" என்றாள் செல்வி.

அன்று மாலை கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். சட்டையை நன்றாக இஸ்திரி போட்ட ஒருவர் வந்தார். சுக்கு வாங்கினார். பிறகு மிளகு. பிறகு ஓமம். வீட்டில் இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வயிற்று வலியா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் மூன்றாவது தட்டைப் பார்த்து ஒருமுறை கண்ணைச் சிமிட்டினார். செல்விக்குப் புரிந்துவிட்டது. ஆனால் டப்பாவை எடுக்கவில்லை.

"சர்க்கரை இருக்குங்களா? பிபிக்கு மாத்திர சாப்புடறீங்களா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அப்ப உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு வாங்க. இது எங்கியும் ஓடிடாது. இன்னொண்ணு, ராத்திரி சாப்புட்டுக் காலையில மாயம் தெரியணும்னா அது எங்கிட்ட இல்ல. அப்படி விக்கிறவங்ககிட்டயும் வாங்காதீங்க, அதுல எதையாவது கலந்திருப்பாங்க."

அவர் ஓமத்தோடு போய்விட்டார். வந்த வியாபாரத்தை இப்படித் திருப்பி அனுப்புகிறாளே என்று கடைக்காரனான என் மனசு பதறியது. ரவி சிரித்தார். "தெனமும் இதான் மச்சான். ஆனா திரும்பி வருவாரு பாருங்க."

மறுநாள் விடியலில் புவனகிரிப் பக்கம் போனோம். வெள்ளாற்றங்கரைக்குக் கொஞ்சம் தள்ளி, குத்தகைக்கு எடுத்த நிலத்தில் செல்வி பூனைக்காலி போட்டிருக்கிறாள். கழிகளில் ஏறிய கொடிகள், கொத்துக் கொத்தாகக் காய்கள். முழுக்கைச் சட்டை போட்டு, கையில் எண்ணெய் தடவிய பெண்கள் மளமளவென்று பறித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டேன்.

"பனி காயறதுக்குள்ள பறிச்சுடணும்ணே. காஞ்சா அந்தச் சொணை பறக்கும். மேல பட்டா அவ்ளோதான். நீங்க தொடாதீங்க."

தொடாதே என்றால் கை சும்மா இருக்குமா? பழுப்புப் பொன் நிறத்தில், வெல்வெட் துணி போர்த்தியதுபோல் அந்தக் காய்கள் அத்தனை அழகாக இருந்தன. எங்கள் ஊர்ச் சந்தையில் பெத்தாய் என்கிற நாற்றம் பிடித்த அவரைக் காயைக் கொத்தோடு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வருகிற ஆள் நான். ஒரு காய் என்னை என்ன செய்துவிடும்? மறுநாள் கல்யாணப் பத்திரிகைக்காகப் போகவிருந்த கடலூர் அச்சகத்தில் இதைப் படம் எடுத்து, தொங்காட் அலிக்குப் பக்கத்தில் நம் சரக்கையும் போட்டு ஒரு புதுப் பதாகை அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வெயில் ஏறிய பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், கைக்குட்டையைச் சுற்றி ஒரு கொத்தைப் பறித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன். மணிக்கட்டில் கொஞ்சம் அரித்தது. சிதம்பரத்துக் கொசு என்று முடிவு கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் சூரண வேலை. விதைகளைப் பாலில் வேகவைத்து, தோலை உரித்து, காயவைத்துத்தான் அரைக்க வேண்டுமாம். வேகவைத்த விதைகளைத் தாம்பாளத்தில் கொட்டி செல்வி, ரவி, நான் மூன்று பேரும் தோல் உரித்தோம். யாழினி வெளியே போயிருந்தாள். வீடெல்லாம் பால் வாசனை. அப்போதுதான் செல்வி குனிந்த தலை நிமிராமல் விஷயத்தைச் சொன்னாள்.

யாழினியின் மாப்பிள்ளை வீடு திட்டக்குடி. விவசாயக் குடும்பம், உரக் கடையும் இருக்கிறது. பையனின் அப்பா கலியபெருமாள் மரியாதையான மனிதர். போன வாரம் வந்தவர் டப்பாவில் இருக்கிற படத்தை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்.

"அவுங்க ஒண்ணும் தப்பாப் பேசலண்ணே. ஊருல நாலு பேரு கேலி பண்றாங்களாம். மாமியா படம் போட்ட டப்பா மாப்ளைக்குச் சும்மாவே கெடைக்குமான்னு கேக்கறாங்களாம். தொழில வுடச் சொல்லல, படத்த மட்டும் எடுங்கன்னாரு. பத்திரிகை அடிக்கறதுக்கு முன்ன முடிவு சொல்லணும்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னுட்டேன். நாளைக்குப் பிரஸ்ஸுல புது லேபிளும் ரெடியா இருக்கும். யாழினிகிட்ட மூச்சு வுட்றாதீங்க. தெரிஞ்சா கல்யாணமே வேணாம்னுடுவா. ரெண்டு பேரும் அவ்ளோ பிரியமா இருக்குதுங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. என் மீசையை ஆளுயரத்துக்குத் தொங்கவிடலாம், என் தங்கச்சியின் பொட்டு ஒரு ரூபாய்க் காசளவு வட்டத்துக்குள் இருக்கக் கூடாதா? போனைக் கையில் எடுத்தேன். ரவி என் கையைப் பிடித்தார். "மச்சான், பொண்ணு வூட்டுக்காரங்க நாம. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார். செல்வி விதைகளை உரித்துக்கொண்டே இருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய செய்தி என்று தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் கடலூர் அச்சகத்துக்குப் போகக் கலியபெருமாள் வேனோடு வந்துவிட்டார். கூடவே அவர் மனைவி அஞ்சலை. ரவிக்கு வேலை இருந்ததால் செல்வியும் நானும் மட்டும் ஏறினோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் நின்ற எனக்கு அவர் கும்பிடு போட்டு, "மலேசியாவுலேருந்து வந்திருக்கீங்க, நீங்க முன்னால உக்காருங்க சம்பந்தி" என்று முன் சீட்டைக் கொடுத்தார். இப்படிப்பட்ட ஆளிடம் சண்டை போடுவது கஷ்டம். என் மஞ்சள் பையை மட்டும் பின் சீட்டில், மடித்து வைத்திருந்த அவருடைய பச்சைக் கரைத் துண்டின் மேல் வைத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

புதுச்சத்திரம் நெருங்கும்போது அவர் துண்டை உதறி எடுத்து முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி துடைத்தார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பிறகு, "நிறுத்துப்பா வண்டிய!" என்று ஒரு கூச்சல். திரும்பிப் பார்க்கிறேன், மனிதர் செங்கலாகச் சிவந்து, இரண்டு கையாலும் கழுத்தைப் பறண்டிக்கொண்டிருக்கிறார். அவர் உதறிய உதறலில் எனக்கும் வந்து சேர்ந்துவிட்டது. காதுமடல், பிடரி, கை, எல்லா இடத்திலும் நெருப்பு.

செல்வி மஞ்சள் பையைத் திறந்து பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"சொறியாதீங்க! ரெண்டு பேரும் கைய எடுங்க! தண்ணி ஊத்தாதீங்க!" என்று அதட்டினாள். சாலையோரத்தில் மாடு கட்டியிருந்த ஒரு வீட்டுக்குள் விறுவிறுவென்று போனாள். "பசுஞ்சாணி வேணும்மா, அவசரம்!"

உள்ளிருந்து ஒரு அம்மா ஓடிவந்தார். அடுத்த கணம் நானும் என் சம்பந்தியும் சட்டையைக் கழற்றிவிட்டு அந்த வீட்டு வாசலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கழுத்திலும் முகத்திலும் கையிலும் பசுஞ்சாணி. அது காய்ந்து உதிரும்போது சுணையும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்றாள் செல்வி. கடலூர் போகிற பஸ்களெல்லாம் எங்களைப் பார்த்துவிட்டுத்தான் போயின. தாய்மாமனுக்கு இப்படியொரு மரியாதை எந்தக் கல்யாணத்திலும் நடந்திருக்காது.

சாணி கொண்டுவந்த அம்மா செல்வியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, நீங்க அந்த டப்பாவுல இருக்கறவங்கதான?" என்றார்.

செல்வி திடுக்கிட்டாள். ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"அதான பாத்தேன்! உள்ள வாங்க, மோரு குடிங்க. ஐயோ, நீங்க எங்க வூட்டுக்கு வருவீங்கன்னு நெனச்சே பாக்கலியே!"

அவர் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இரண்டு ஆண்கள் இருக்கிறோம் என்பது அவருக்கு நினைவில் இல்லை. சாணி பூசிய ஆண்கள் கணக்கில் வர மாட்டார்கள் போலிருக்கிறது.

"எங்க வூட்டுக்காரரு துபாய்ல கெடந்து ஒடம்பு ஓஞ்சு வந்தாருங்க. எங்கிட்ட மொகம் குடுத்தே பேசல. கடையில போயி அந்த மருந்தக் குடுன்னு நான் எப்படிக் கேப்பேன்? கடைக்காரரு எனக்கு மாமா மொற. டப்பாவுல உங்க படத்தப் பாத்தேன். அந்தம்மா டப்பா ஒண்ணு குடுங்கன்னேன், குடுத்துட்டாரு. இன்னி வரைக்கும் அந்த மருந்து பேரு எனக்குத் தெரியாதுங்க. எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான், 'அந்தம்மா டப்பா'ன்னுதான் வாங்குவோம்."

செல்விக்கே இது தெரிந்திருக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"அதுல இருந்த நம்பருக்குப் போன் பண்ணுனேன். ஆம்பள எடுத்திருந்தா வச்சிருப்பேன். நீங்க எடுத்தீங்க. மொதல்ல சர்க்கரை பாக்கச் சொன்னீங்க. பாத்தா, ஏகத்துக்கு இருக்குது. டப்பாவத் தொறக்காதீங்க, மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு திட்டுனீங்களே, ஞாபகம் இருக்கா? இப்ப தேவலாம்ங்க. இப்ப சிரிச்சுப் பேசறாரு."

அஞ்சலை காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா?" என்றார். ஒரே வார்த்தைதான். சம்பந்தியின் முகத்தில் சாணி காய்ந்து இறுகியிருந்ததால் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை.

குளித்து, அந்த வீட்டுக்காரரின் சட்டைகளைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு கடலூர் போய்ச் சேர மதியமாகிவிட்டது. சுறாப் புட்டோடு சாப்பாடு. எனக்கு இரண்டு முறை வந்தது. எதற்காகப் பறித்தேன் என்பதைச் சொல்லி, என்னை மன்னித்துவிட்டாயா என்று செல்வியிடம் கேட்டேன். "பதாகை அடிக்கணும்னா எங்கிட்ட கேக்கக் கூடாதா? விதைய மட்டும் குடுத்திருப்பேனே" என்றாள். ஆனால் அவள் யோசனை வேறெங்கோ இருந்தது.

மஞ்சக்குப்பத்தில் அச்சகம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் முதலில் பத்திரிகையைக் காட்டினார், பிறகு லேபிளை. செல்வியின் முகம் இருந்த வட்டத்தில் ஒரு தாமரைப் பூ உட்கார்ந்திருந்தது.

"ஓகேங்களா மேடம்? அடிச்சுடலாமா?"

செல்வி அந்தத் தாமரையின் மேல் விரலை வைத்தாள்.

"வேணாங்க தம்பி. தாமரைய எடுத்துட்டுப் பழைய படத்தையே வையுங்க" என்றாள். பிறகு கலியபெருமாள் பக்கம் திரும்பினாள். "அண்ணே, சரின்னு சொல்லிட்டுப் பின்வாங்கறேன், கோவிச்சுக்காதீங்க. எம் பேருக்காக இல்ல. படத்த எடுத்துட்டா அந்தப் பொம்பளைங்க கடையில போயி என்னன்னு சொல்லிக் கேப்பாங்க? இதனால சம்பந்தம் வேணாம்னா, அத நீங்களே யாழினிகிட்ட சொல்லிடுங்க. எனக்குச் சொல்லத் தெம்பு இல்ல."

திரையில் லேபிளுக்குப் பக்கத்தில் பத்திரிகையும் அதில் யாழினியின் பெயரும் அப்படியே இருந்தன. தாய்மாமன் என்ற முறையில் ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது. ஆனால் செல்வி சொன்னதே போதும் என்று அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

கலியபெருமாள் கழுத்தைத் தடவினார். இன்னும் தடிப்பு இறங்கவில்லை.

"நானும் அங்கதான உக்காந்திருந்தேன் தங்கச்சி" என்றார். "சாணி மூஞ்சியிலதான் இருந்துச்சு, காதுல இல்ல."

அஞ்சலை முதல் முறையாகச் சிரித்தார்.

"ஊருல கேலி பண்றவன் பண்ணிக்கிட்டுப் போறான். அவன் வூட்டுப் பொம்பளையே அந்தம்மா டப்பான்னு கேட்டு வாங்குதோ என்னவோ, யாரு கண்டா" என்று சொல்லிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய்ப் பத்திரிகையைக் கூர்ந்து பார்த்தார். "ஏம்ப்பா, அப்பா பேருக்குக் கீழ வேலை போட்டிருக்க. தங்கச்சி பேருக்குக் கீழ ஒண்ணையும் காணோமே? நாட்டு மருந்து தயாரிப்பு, சிதம்பரம்னு போடு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "படம்தான் ரொம்பப் பழசாத் தெரியுது. பட்டுப் புடவை கட்டிப் புதுசா ஒண்ணு எடுத்துடலாமா தங்கச்சி?" என்றார்.

"வேணாம்ணே. மூஞ்சி மாறிட்டா அவுங்களுக்கு அடையாளம் தெரியாது" என்றாள் செல்வி.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அரிப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

கிளம்புகிற அன்று பரங்கிப்பேட்டை அல்வா இரண்டு பொட்டலம், செல்வி பொடி செய்து தந்த சுக்கு மல்லி, சுணையெல்லாம் நீக்கிச் சுத்தம் செய்த பூனைக்காலி விதை ஒரு கைப்பிடி, சூரணம் ஒரு டப்பா. கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வருவேன், அப்போது முழுக்கைச் சட்டையோடு வருவேன் என்று ரவியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒரு மலாய்ப் பெண். பெட்டியைத் திறந்து அல்வாவை மோந்து பார்த்தார், விதையைக் குலுக்கிப் பார்த்தார், டப்பாவைக் கையில் எடுத்தார். இது என்ன என்று மலாயில் கேட்டார்.

"எங்கள் ஊர்த் தொங்காட் அலி" என்றேன். சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்டது.

அவர் சிரித்துவிட்டு லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் அவருக்குப் படிக்க வரவில்லை. "இதை என்ன பெயர் சொல்லி வாங்குவது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பெயரே வேண்டாம் அம்மா, இந்த முகத்தைக் காட்டினால் போதும்" என்றேன். "இது என் தங்கச்சி."